மல்காந்தி தொட்ட கண்கள்

மல்காந்தியின் அம்மா லீலாவதியும் நானும் அக்காள் தங்கை பிள்ளைகள். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். அதனால் மல்காந்தி என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். லீலாவதிக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் பந்துல, இளையவள் மல்காந்தி. கிரியுல்லவில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, இரண்டு தென்னந்தோப்பு தாண்டினால் பந்துல வீடு.

மல்காந்திக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை திலகசிறி தேங்காய் லாரி ஓட்டுகிறவன். குடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான், பாட்டு மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி பாடுவான். பதினான்கு மாதம்தான் அவனோடு வாழ்ந்தாள். அலவ்வ பக்கத்து வளைவில் லாரி கவிழ்ந்தது. உருண்ட தேங்காயை ஆட்கள் பத்து நிமிஷத்தில் பொறுக்கிவிட்டார்கள். அவனை வெளியே எடுக்க மத்தியானம் ஆயிற்று.

ஏழாம் நாள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்து முடிந்ததும் பந்துல அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். அந்த வருஷம்தான் அவனுக்கு இஷாரா பிறந்தாள். பந்துலவின் பெண்டாட்டி ரம்யலதா தையல் தொழிற்சாலைக்குப் போகிறவள், விடிகாலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவாள். பிள்ளை அத்தை இடுப்பில் வளர்ந்தது. பால் கொடுத்தது மட்டும் ரம்யலதா, மற்ற எல்லாம் மல்காந்தி. இதை நான் சொல்லவில்லை, ரம்யலதாவே ஒரு காலத்தில் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னது.

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மல்காந்தி டவுனில் இராங்கனி மேடத்தின் சலூனுக்கு வேலைக்குப் போனாள். முடி கூட்டிப் பெருக்கும் வேலை. இராங்கனி மேடம் அந்தப் பக்கத்தில் பெரிய பெயர். மணப்பெண்ணை அலங்காரம் பண்ண மேடம் வருகிறார் என்றால் பெண் வீட்டுக்காரர்கள் அதைப் பத்திரிகையில் போடாத குறையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் மேடத்துக்குச் சர்க்கரை வியாதி வந்து கை நடுங்க ஆரம்பித்தது. முகத்துக்குப் பூசுவதை நடுக்கத்தோடு பூசிவிடலாம். கண் அப்படியில்லை. ஒரு நாள் ஒரு பெண்ணின் இமையில் தூள் தீட்டும்போது கை உதறி, கன்னமெல்லாம் கறுப்பாகக் கொட்டிவிட்டது. பெருக்கிக்கொண்டிருந்த மல்காந்தி ஓடிவந்து, துடைக்கப்போன மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"மேடம், தேய்க்காதீங்க. தேய்ச்சா அப்பிக்கும். ஊதி விடலாம்."

அன்றிலிருந்து கண் அவளுடையதாயிற்று.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் சிரிப்பாள். இஷாராதான் அவளுக்குப் பலகையும் பாடமும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளையை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து, சலூனில் உடைந்துபோன வண்ணத் தூள் கட்டிகளைக் கொண்டுவந்து தீட்டித் தீட்டிப் பழகினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷில் தூளைத் தொட்டதும் அப்படியே கண்ணுக்குக் கொண்டுபோகமாட்டாள். மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவாள், உதிர்வது அங்கேயே உதிர்ந்துவிடும். இமையில் முதலில் பசையாக ஏதோ மெல்லியதாகத் தடவி, அதன்மேல் தூளை இழுக்காமல் ஒற்றி ஒற்றி வைப்பாள். வெளிறிய நிறம் முதலில், கறுப்பு கடைசியில், அதுவும் கடுகளவு. பிறகு தூளே இல்லாத இன்னொரு பிரஷ்ஷால் இரண்டு நிறமும் சேருகிற ஓரத்தை மட்டும் சின்னச் சின்ன வட்டமாகக் கலைப்பாள். எந்த இடத்தில் பழுப்பு முடிந்து எந்த இடத்தில் கறுப்பு தொடங்கியது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பவுடரைத் தடிப்பாக அப்பி வைத்திருப்பாள். மேலிருந்து விழுகிற துணுக்கெல்லாம் அதில் விழும், கடைசியில் ஒரே வீச்சில் தள்ளிவிடுவாள்.

முதலில் கண், பிறகு முகம், எல்லாவற்றுக்கும் பிறகு சேலை. எங்கள் சிங்களப் பெண்களுக்குக் கல்யாணச் சேலை வெள்ளை. அதில் ஒரு துளி கறுப்பு விழுந்தால் அது அழுக்கு இல்லை, அபசகுனம்.

அபசகுனம் என்றால் மல்காந்தியும் அதுதான். அவள் விதவை என்பது, கண் தீட்டத் தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் மேடத்துக்குத் தெரிந்தது. வேறொருத்தியாக இருந்தால் துரத்தியிருப்பாள். மேடத்துக்கு அந்தக் கை வேண்டும். ஒரு கில்ட்டு மோதிரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதைப் போட்டுக்கோ. யாராவது கேட்டா புருஷன் குவைத்ல இருக்கார்னு சொல்லு."

"மேடம், பொய்தானே?"

"பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கிறதே பொய் சொல்லச் சொல்லித்தான். உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

பதினாலு வருஷம் திலகசிறி குவைத்தில் இருந்தான். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கிழவிகள் விடமாட்டார்கள். எப்போது வருகிறார்? அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்கு. போன வருஷமும் அதையேதானே சொன்னாய்? லீவு கிடைக்கவில்லை. ஒருத்தி தொடையில் அடித்துக்கொண்டு சொன்னாளாம்: "அடி பைத்தியக்காரி, அவன் அங்க ஒருத்தியை வச்சிருப்பான்டி!"

அன்று சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா, செத்தவனுக்கு இப்ப சக்களத்தியும் வந்துட்டா" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கவே ரொம்ப நேரமாயிற்று.

இஷாராவுக்கு இருபத்தைந்து வயதில் பொல்கஹவெலவிலிருந்து சம்பந்தம் வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் பையன். ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருந்தியது. மல்காந்தி அந்த மாதத்திலிருந்தே இஷாராவின் கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். வலது இமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதற்கு வெளி ஓரத்தில் ஏற்றிவிட வேண்டும். செம்பு நிறம் எடுக்கும், சாம்பல் எடுக்காது. அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. நகை போட வேண்டாம், சபையில் முன்வரிசை வேண்டாம். நானூறு ஐந்நூறு ஊர்ப் பெண்களுக்குத் தீட்டிய கையால், தான் வளர்த்ததுக்கு ஒரு நாள் தீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரம்யலதா மல்காந்தியிடம் பேச்சை எடுத்தாள். வயதில் சின்னவள், நாத்தனாரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் வெற்றிலை கொடுக்கப் போயிருந்தேன், அதனால் நேரில் கேட்டேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கிற மாதிரி இருந்தா சொல்லாதே."

"நான் சொல்லல. மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க. பொண்ணு முகத்தைத் தொடுறவங்க, சேலை கட்டிவிடுறவங்க எல்லாம் புருஷனோட வாழறவங்களா இருக்கணுமாம்."

"அவங்களா சொன்னாங்களா, நீ போய்க் கேட்டியா?"

ரம்யலதா முந்தானையை முறுக்கினாள். "கேட்டாத்தானே அக்கா சொல்வாங்க."

"ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் என் கை ஆகும். நான் தூக்கி வளத்ததுக்கு ஆகாதா?"

"ஊர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமில்ல?"

பந்துல முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். மல்காந்தி இஷாராவைப் பார்த்தாள். அந்தப் பெண் போனிலிருந்து தலையை எடுக்காமல், "ஒரு நாள்தானே அத்தை, விடுங்களேன். எனக்கு அங்க போய் வாழணும்ல" என்றது.

அதுவும் சரிதான். யார் மறுக்க முடியும்?

இராங்கனி மேடத்தையே அலங்காரத்துக்குப் பேசினார்கள். பேசும்போது மேடம் ஒப்புக்கொண்டுவிட்டாள். மறுநாள் சலூனில் மல்காந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வீட்லதானே இருப்பே, கண்ணுக்கு மட்டும் உள்ள வந்துடு" என்றாளாம். "என்னை அங்க எல்லாருக்கும் தெரியும் மேடம். நீங்கதான் போடணும்" என்றாள் இவள். மேடத்தின் முகம் செத்துவிட்டது. சின்ன பிரஷ்கள் எல்லாவற்றையும் மல்காந்திதான் கழுவி, வரிசையாகப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். எது முதலில், எது பிறகு என்று வாயாலும் சொன்னாள். முகம் பூசுவதற்கு முன்னால் கண்ணை முடித்துவிடுங்கள், சேலை கடைசியில் என்று இரண்டு தடவை சொன்னாள்.

கல்யாணத்தன்று நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கத்து அடுக்களையில் இருந்தோம். நான் பாற்சோற்றைத் தட்டில் பரப்பி வாழையிலையால் அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் ஏழு பதினெட்டு. அந்த நிமிஷத்தில் பெண் வடக்கே பார்த்து நின்று வெள்ளைச் சேலையை உடம்பில் போட வேண்டும். மேடம் ஐந்து மணிக்கு வர வேண்டியவள், ஆறரைக்கு வந்தாள். வந்ததும் பழைய பழக்கத்தில் முகத்தைப் பூசத் தொடங்கிவிட்டாள். பவுண்டேஷன் பூசி, கொண்டை போட்டு, நெற்றிச்சுட்டி ஊசி குத்துவதற்குள் பந்துல கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"ரெண்டு நிமிஷம்தான்! சேலை எங்க? சேலையைப் போடுங்க!"

மல்காந்தி துருவுவதை நிறுத்தினாள். "கண்ணு போட்டாச்சா?" என்றாள் என்னிடம், எனக்குத் தெரியும் போல.

"போட்டிருப்பாங்க."

"இல்ல பெரியம்மா. பெட்டி திறந்த சத்தமே கேக்கல."

வெளியே பட்டாசு வெடித்தது, சேலை போட்டாயிற்று என்று அர்த்தம். கால் மணி நேரம் போயிருக்கும். அறையிலிருந்து ரம்யலதாவின் அலறல் வந்தது.

"ஐயோ, என் பிள்ளை சேலை!"

அவளே அடுக்களைக்கு ஓடிவந்தாள். மூன்று வாரமாகக் கட்டிக்காத்த சாஸ்திரம் எல்லாம் காலில் மிதிபட்டுப்போயிற்று. "அக்கா, வாங்க. சீக்கிரம் வாங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"நான் தொடலாமா?"

"இதா நேரம் அதைக் கேக்க!"

மல்காந்தி கையைக் கழுவினாள். நேற்றைய பாண் ரொட்டி இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். பெண் வெள்ளைச் சேலையில், நகையெல்லாம் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கன்னத்திலும் அடுப்புக்கரி ஊதினவள் மாதிரி கறுப்பு. இடது தோளிலும் மடிப்பிலும் கறுப்புத் துணுக்கு. மேடம் ஈரப் பஞ்சால் தோளை ஒரு இழுப்பு இழுத்திருந்தாள், அது விரல் நீளத்துக்குக் கோடாகியிருந்தது. மேடத்தின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் தொடாதீங்க. ஃபேனை நிறுத்துங்க" என்றாள் மல்காந்தி.

சேலையைத் தூக்கிப் பிடித்து ஊதினாள். பாணின் வெள்ளைச் சதையைப் பிய்த்து உருட்டி, துணியில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒவ்வொரு உருண்டையும் கறுத்துக் கறுத்துக் கீழே விழுந்தது. ஈரமான கோடு மட்டும் போகவில்லை, அதை உள்மடிப்புக்குத் தள்ளி ஊசி குத்தினாள். பிறகு பெரிய துவாலை ஒன்றைக் கழுத்திலிருந்து மடிவரை போர்த்தி, கன்னத்தை எண்ணெய்ப் பஞ்சால் சுத்தமாக எடுத்து, இமையைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக மறுபடி துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இஷாராவுக்குக் கண்ணில் நீர் கட்டியது.

"அழாதே. அழுதா எனக்கு வேலை ரெண்டாகும். மேல பாரு."

அது மேலே பார்த்தது. அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மணிக்கட்டில் தட்டிய தட்டு, இமையில் ஒற்றிய ஒற்றல், அறையில் வேறு சத்தமில்லை. செம்பு நிறம், ஓரத்தில் கறுப்பு, வலது இமைக்குக் கொஞ்சம் ஏற்றம். துவாலையில் ஒரு துணுக்குகூட விழவில்லை. முடித்துப் பின்னால் நகர்ந்தபோது நான் அந்தக் கண்களைப் பார்த்தேன். எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன். அப்படியொரு கண்ணைப் பார்த்ததில்லை. ரம்யலதாவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் சித்தி உள்ளே வந்தாள். மாப்பிள்ளை வீட்டு நகைப்பெட்டியோடு முன்னாலேயே வந்தவள், கனத்த உடம்பு, கனத்த குரல். பெண்ணைப் பார்க்கும் முன் மல்காந்தியைப் பார்த்துவிட்டாள்.

"அட, நீயா! எங்க சந்தமாலிக்குக் கண்ணு போட்டது நீதானே? மூணு வருஷமாச்சே! புருஷன் குவைத்ல இருந்து வந்துட்டாரா?"

மல்காந்தி பிரஷ்ஷைத் துடைத்தாள்.

"என்ன பதிலே காணோம்? இங்க எப்படி வந்தே?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த ரம்யலதாவின் தங்கைக்கு நாக்கு நிற்காது. "எங்க மாமாவோட தங்கச்சிதான் இவங்க. குவைத்தா? அவர் செத்து இருபத்தஞ்சு வருஷமாச்சே!" என்றாள்.

சித்தி நகைப்பெட்டியை மெதுவாகக் கட்டிலில் வைத்தாள்.

"அப்ப என் பொண்ணு கண்ணைத் தொட்டது ஒரு விதவையா? மூணு வருஷமா அவளுக்கு ஒரு புழு பூச்சி இல்ல. கோயில் கோயிலா அலையிறேன். காரணம் இதுவா?" மேடத்தின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா இது?"

இராங்கனி மேடம் மல்காந்தியைப் பார்க்கவேயில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. என்கிட்டயும் குவைத்னுதான் சொன்னா. பதினாலு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கா."

மேடமே கொடுத்த அந்த கில்ட்டு மோதிரத்தைக்கூட மல்காந்தி காட்டவில்லை. துடைத்த பிரஷ்ஷைப் பெட்டியில் வைத்தாள்.

"துடைங்க" என்றாள் சித்தி. "அந்தக் கண்ணோட எங்க பையன் பக்கத்துல மணமேடை ஏறக் கூடாது. துடைச்சிட்டு மேடம் போடட்டும். கோணலா இருந்தாலும் பரவாயில்ல."

"சித்தி, நேரம்..." என்று ரம்யலதா இழுத்தாள்.

"நேரம் இருக்கு. ஒரு ஜென்மம் இருக்கு கெட்டுப்போறதுக்கு."

எல்லோரும் இஷாராவைப் பார்த்தோம். பெண் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது என் அத்தை, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால், கல்யாணத்தன்று மணப்பெண் வாயை யார் அடைப்பார்கள்? அது மெல்ல இமையை மூடிக்கொண்டு, மேடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது.

நானும் அங்கேதான் நின்றேன். என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார், வெளியே பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஏழு பிள்ளை பெற்றவள், சுமங்கலி, வயதில் மூத்தவள். என் வார்த்தை அந்த அறையில் எடுபட்டிருக்கும். நான் பேசவில்லை. பேத்தி முறைக்காரி கல்யாணத்தில் வம்பு எதற்கு என்று நினைத்தேன்.

மேடம் பஞ்சை எண்ணெயில் நனைத்து அந்த இமையைத் துடைத்தாள். செம்பும் கறுப்பும் ஒன்றாய்க் கலந்து பஞ்சில் வந்தது. எண்ணெய் காயும்முன் அதன்மேலேயே தூளை வைத்தாள், தூள் திட்டுத் திட்டாக ஒட்டியது. வாசல் வரை போன மல்காந்தி திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், துவாலையை எடுத்துடாதீங்க. சேலையில விழும்" என்றாள்.

பின்வாசல் வழியாகப் போனாள். பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது முதலில் யார் கண்ணில் படவேண்டும், யார் படக்கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மண்டபத்தில் எல்லோரும் அந்த அப்பிய கண்ணைப் பார்த்து, பெண் அழுதிருக்கிறது, பாவம், வீட்டைப் பிரிகிற துக்கம் என்றார்கள். படத்திலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது. பந்துல அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

பொல்கஹவெலவில் கிளம்பிய பேச்சு ஒரு வாரத்தில் டவுனுக்கு வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் மேடத்திடம் குறித்த தேதியை ரத்து செய்தார்கள். மேடம் சலூன் பெண்ணை அனுப்பினாள். சலூன் பிரஷ் ஏதாவது இருந்தால் வாங்கி வா, இனிமேல் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி வா என்று. கலைக்கிற சின்ன பிரஷ் ஒன்று மல்காந்தி தன் கைக்காசில் வாங்கியது. அதையும் சேர்த்துக் கழுவி, உலர்த்தி, துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

"அது உன்னோடதில்லையாடி?" என்றேன்.

"வச்சிருந்து யார் கண்ணுக்குப் போட பெரியம்மா?"

சந்தமாலிக்கு அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அதற்காக யாரும் வந்து மல்காந்தியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. விதவையின் தோஷம் கண்டுபிடித்துக் கழித்த பிறகுதான் பிறந்தது என்று அந்தச் சித்தி சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்.

மல்காந்தி இப்போது தேங்காயைத் துருவி உலர்த்துகிற தேங்காய்ப்பூ மில்லில் ஓட்டைத் தட்டித் தோல் சீவுகிறாள். பந்துல வீட்டில் தங்குவதில்லை, மில்லுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். போன மாதம் பார்க்கப் போனேன். இஷாராவுக்கு ஏழாம் மாசம், கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒரு தரம் போய்ப் பாரேன் என்றேன்.

"என்ன கேக்கிறா?"

"அத்தை எப்படி இருக்காங்கன்னு."

சீவுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது, தேங்காய்த் தண்ணீர் பட்டுப் பட்டு.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. பிள்ளை பிறக்கட்டும். நான் போய் நின்னு ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கும் நான்தானே காரணமாவேன்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்குக் கல்யாண வீட்டு அறையில் சொல்லாததை இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது? தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.